சிறுவர் கால்பந்தில் ஆள் மாற்றுவது எப்போது? நடுவர் ‘இப்போது முடியாது’ என்பது ஏன்?

தொலைக்காட்சியில் பெரியவர்களின் ஆட்டம் பார்த்துப் பழகியவர்களுக்குச் சிறுவர் கால்பந்து முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். வெளியே போன பிள்ளை பத்து நிமிடம் கழித்து மறுபடி உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே நேரத்தில் நான்கு பேர் மாறுகிறார்கள். ஆனால் எதிரணிக்கு த்ரோ-இன் (பக்கக்கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் எறிந்து ஆட்டத்தைத் தொடர்வது) கிடைத்த நேரத்தில் கோச் ‘சப்!’ (ஆள் மாற்றம்) என்று குரல் கொடுத்தால் நடுவர் கையசைத்து மறுத்துவிடுகிறார். அதே நடுவர் அடுத்த கோல் கிக்கின்போது, அதாவது தாக்கும் அணி கோலுக்குப் பக்கத்தில் வெளியே அடித்த பந்தைத் தடுக்கும் அணி உதைத்துத் தொடங்கும்போது, சரி என்கிறார்.

நடுவர் பாரபட்சம் காட்டவில்லை. ஆள் மாற்றும் விதி இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. உலகம் முழுவதற்கும் பொதுவான ஆட்டச் சட்டம் ஒன்று. அதற்கு மேல் அந்தந்த நாட்டுச் சங்கமும், அப்புறம் அந்தந்த லீக்கும் போட்டுக்கொள்ளும் போட்டி விதிகள் இன்னொன்று. மைதானத்து ஓரத்தில் நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை, ஒருவர் முதலாவதையும் மற்றவர் இரண்டாவதையும் மனதில் வைத்துப் பேசுவதால் வருபவை.

முதலில் மூன்று கேள்விகள்

‘சப் விதி’ என்று பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன.

1. ஓர் ஆட்டத்தில் எத்தனை பேரை மாற்றலாம்?
2. வெளியே போனவர் திரும்ப உள்ளே வரலாமா?
3. ஆட்டத்தின் எந்தெந்தத் தருணங்களில் மாற்றலாம்?

முதல் இரண்டுக்கும் பதில் ஆட்டம் தொடங்குமுன்பே தெரிந்துவிடும். மூன்றாவதுதான் ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் முளைத்துச் சண்டையாகும். அதனால் இந்தக் கட்டுரையும் அதில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறது.

பொதுச் சட்டம் சொல்வது என்ன?

கால்பந்தின் சட்டங்களை வகுப்பது ஐஃபாப் எனப்படும் சர்வதேச கால்பந்து சங்க வாரியம். மொத்தம் 17 சட்டங்கள். மூன்றாவது சட்டம் ஆட்டக்காரர்களைப் பற்றியது. ஆள் மாற்றம் அதற்குள் வருகிறது.

கால்பந்தில் ஆள் மாற்றம் பிந்தி வந்த வசதி. இங்கிலாந்து லீக்கில் 1965-ல்தான் அனுமதித்தார்கள். அதுவும் அணிக்கு ஒருவர், காயம் பட்டால் மட்டும். உலகக் கோப்பையில் முதல் ஆள் மாற்றம் நடந்தது 1970-ல், மெக்சிகோவில். 1995-ல் அணிக்கு மூன்று பேர் என்றானது. 2020-ல் கொரோனா காலத்துக்கென்று தற்காலிகமாக ஐந்தாக உயர்த்தினார்கள். 2022-ல் அதுவே நிரந்தரமானது. உயர்மட்டப் போட்டிகளில் இந்த ஐந்து பேரையும் ஆட்டத்தின் நடுவே மூன்று தடவைக்குள் மாற்றி முடிக்க வேண்டும். இடைவேளையில் செய்யும் மாற்றம் அந்த மூன்றில் சேராது. வெளியே போனவர் போனவர்தான்.

‘எப்போது’ என்ற கேள்விக்கு இந்தச் சட்டத்தின் பதில் ரொம்பச் சுருக்கமானது. நடுவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஆட்டம் நின்றிருக்க வேண்டும், நடுவர் சைகை காட்ட வேண்டும். அவ்வளவுதான். த்ரோ-இன் யாருடையது, கார்னர் (மைதானத்தின் மூலையிலிருந்து தாக்கும் அணி எடுக்கும் உதை) யாருடையது என்ற பேச்சே அதில் கிடையாது. எதிரணி ஃப்ரீ கிக் (விதிமீறலுக்குப் பதிலாகக் கிடைக்கும் உதை) எடுக்கப் பந்தை வைத்துக்கொண்டு நிற்கும்போதுகூடப் பொதுச் சட்டப்படி ஆளை மாற்றலாம். ஆக, ‘நம்ம த்ரோ-இன் வந்தால்தான் மாத்தணும்’ என்று யாராவது சொன்னால், அவர் சொல்வது அந்த லீக்கின் விதி; கால்பந்தின் சட்டம் அல்ல.

சரி, லீக் தன் இஷ்டத்துக்கு இப்படி மாற்றிக்கொள்ளலாமா? சட்டப் புத்தகமே இடம் கொடுக்கிறது. சிறுவர் ஆட்டம், மூத்தோர் ஆட்டம், மாற்றுத்திறனாளிகளின் ஆட்டம், உள்ளூர் அடிமட்ட ஆட்டம் ஆகிய நான்கு வகைகளில் வெளியே போனவரைத் திரும்ப இறக்க அனுமதிக்கலாம் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. சிறுவர் ஆட்டத்தில் எத்தனை பேரை மாற்றலாம் என்ற உச்ச வரம்பையும் நாட்டுச் சங்கமே தீர்மானிக்கலாம்.

இங்கே ‘அனுமதிக்கலாம்’ என்ற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். வயது குறைவு என்பதாலேயே இந்தச் சலுகை தானாக வந்துவிடாது. ஃபிஃபா நடத்தும் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடுபவர்களும் சிறுவர்கள்தான். அங்கே பெரியவர்களைப் போலவே, வெளியே போனவர் திரும்ப வர முடியாது.

திரும்ப வர விடுவது ஏன்? ஒரு சின்னக் கணக்கு

அமெரிக்காவில் 9, 10 வயதுப் பிள்ளைகள் ஏழு பேர் கொண்ட அணியாக, 25 நிமிடம் வீதம் இரண்டு பாதி ஆடுகிறார்கள். 12 வயது வரையிலான பிள்ளைகள் ஒவ்வொருவரும் மொத்த ஆட்ட நேரத்தில் குறைந்தது பாதியாவது ஆட வேண்டும் என்பது யூஎஸ் யூத் சாக்கர் அமைப்பின் விதி. அதாவது தலைக்கு 25 நிமிடம்.

அணியில் 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஏழு பேர் உள்ளே, ஐந்து பேர் பெஞ்சில். பெரியவர்களின் விதியை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்கலாம்: ஐந்து மாற்றம், திரும்ப வர முடியாது. பெஞ்சில் இருக்கும் ஐந்து பேருக்கும் 25 நிமிடம் கிடைக்க வேண்டுமென்றால் அவர்கள் இடைவேளைக்குப் பிந்தாமல் இறங்க வேண்டும். வெளியே வரும் ஐந்து பேருக்கும் 25 நிமிடம் ஆகியிருக்க வேண்டுமென்றால் அவர்கள் இடைவேளைக்கு முந்தி வரக் கூடாது. இரண்டையும் சேர்த்தால் மிஞ்சுவது ஒரே ஒரு வழி: ஐந்து பேரையும் மிகச் சரியாக இடைவேளையிலேயே மாற்றுவது. அப்புறம் இரண்டாம் பாதியில் ஒரு பிள்ளைக்குக் கால் பிசகினால் இறக்க ஆளில்லை. ஆறு பேரோடு ஆட வேண்டியதுதான்.

திரும்ப வரலாம் என்றால் இந்த நெருக்கடி போய்விடுகிறது. 50 நிமிடத்தை ஏழு இடங்களால் பெருக்கினால் 350. அதைப் பன்னிரண்டு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 29 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். கோச்சுக்குக் கையில் நான்கு நிமிட இடம் கிடைக்கிறது. மூச்சு வாங்கும் பிள்ளையை வெளியே எடுத்து, தண்ணீர் குடிக்கவிட்டு, இரண்டு வார்த்தை சொல்லி மறுபடி அனுப்பலாம். சிறுவர் ஆட்டத்தில் ஆள் மாற்றம் உத்தியாக இருப்பதைவிடப் பங்கீடாக இருப்பது இதனால்தான்.

வயது ஏற ஏற இந்தத் தாராளம் குறையும். பதினாறு, பதினேழு வயதில் 45 நிமிடப் பாதியை முழுதாக ஆடித் தாங்கும் உடம்பும், தன் மூச்சைத் தானே பங்கிட்டு ஆடும் பழக்கமும் வர வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து இளைப்பாறினால் அது வராது. போட்டித் தரம் கூடிய லீக்குகள் திரும்ப இறங்குவதைக் கட்டுப்படுத்துவதற்கு இது ஒரு நியாயமான காரணம்.

எந்த நிறுத்தத்தில்?

இனி மூன்றாவது கேள்வி. சிறுவர் லீக்குகளில் பொதுவாக இரண்டு விதமான ஏற்பாடுகள் இருக்கின்றன.

ஒன்று, எந்த நிறுத்தத்திலும் மாற்றலாம், எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது. அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்கள் இப்படித்தான் நடக்கின்றன. இங்கிலாந்தில் சின்னப் பிள்ளைகள் ஆடும் மினி சாக்கரிலும் மாற்றத்துக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. நடுவரின் அனுமதியோடு, ஆட்டம் நின்றிருக்கும்போது உள்ளே வர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

இன்னொன்று, குறிப்பிட்ட நிறுத்தங்களில் மட்டும் என்பது. அமெரிக்கச் சிறுவர் லீக்குகளில் நெடுங்காலமாகப் புழங்கும் பட்டியல் இது:

1. தன் அணிக்கு த்ரோ-இன் கிடைத்தால், அந்த அணி மாற்றலாம்.
2. கோல் கிக் என்றால், யாருடையதாக இருந்தாலும் இரு அணியும் மாற்றலாம்.
3. கோல் விழுந்ததும் இரு அணியும் மாற்றலாம்.
4. காயத்துக்காக நடுவர் ஆட்டத்தை நிறுத்தினால் மாற்றலாம்.
5. இடைவேளையில் மாற்றலாம்.

பட்டியலில் இல்லாதவற்றைப் பார்த்தால் இதன் நோக்கம் பிடிபடும். எதிரணியின் த்ரோ-இன் இல்லை, கார்னர் இல்லை, ஃப்ரீ கிக், பெனால்டி இரண்டும் இல்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். நீல அணி வலது பக்கமாக ஏறுகிறது. சிவப்பு அணியின் தடுப்பாட்டக்காரர் பந்தை வெளியே தட்டிவிடுகிறார். நீல அணிக்கு த்ரோ-இன். பந்து கைக்கு வந்தாயிற்று, கோலுக்குப் பக்கத்தில் அவர்களின் ஆள் ஒருவர் காவலில்லாமல் நிற்கிறார், எறிந்தால் வாய்ப்பு. அந்த நொடியில் சிவப்பு கோச் மூன்று பேரை நடுக்கோட்டில் நிறுத்தி மாற்றம் கேட்கிறார். நடுவர் அனுமதித்தால் அரை நிமிடம் போகும். அதற்குள் சிவப்பு அணி ஒழுங்காக அணிவகுத்து நின்றுவிடும். தட்டிவிட்ட அணிக்கே அதனால் லாபம். ‘பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்கள் மட்டும் மாற்றலாம்’ என்ற விதி அடைப்பது இந்த ஓட்டையைத்தான். கார்னரும் ஃப்ரீ கிக்கும் விடுபட்டதும் இதே காரணத்தால்: கோலுக்கு அருகே வேகமாக எடுத்தால் பலன் தரும் தருணங்கள் அவை. கோல் கிக்கோ தாக்குதல் ஓய்ந்த இடம். கோல் விழுந்த பிறகு எப்படியும் எல்லோரும் நடுவே திரும்பி நடக்க வேண்டும். அங்கெல்லாம் ஆளை மாற்றினால் யாருக்கும் நஷ்டமில்லை.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களின் விதி இதையே சற்று நீட்டுகிறது. அங்கே த்ரோ-இன்னோடு, தன் அணிக்குக் கார்னர் கிடைத்தாலும் மாற்றலாம். பந்து வைத்திருக்கும் அணி ஆளை மாற்றினால் எதிரணியும் அதே நிறுத்தத்தில் மாற்றிக்கொள்ளலாம். பல சிறுவர் லீக்குகளும் இந்தக் கடைசி வசதியைத் தருகின்றன. எப்படியும் ஆட்டம் நிற்கப்போகிறது. இவர்களும் மாற்றிக்கொண்டால் கூடுதல் தாமதம் இல்லை. மேலே சொன்ன உதாரணத்தில் நீல கோச்சும் ஆளை மாற்ற விரும்பினால் சிவப்பு அணியின் மூவரும் உள்ளே வந்துவிடலாம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நடுவர் ஒரு தடவை மறுத்து, மறு தடவை அனுமதிப்பதுபோல் தெரிவது பெரும்பாலும் இதனால்தான்.

என்னைக் கேட்டால், ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இந்தப் பட்டியல் தேவையில்லாத சுமை. அந்த வயதில் த்ரோ-இன்னை வேகமாக எடுத்து யாரும் எதிரணியைக் கவிழ்த்துவிடுவதில்லை. பதிமூன்று, பதினான்கு வயதுக்கு மேல், ஆட்டத்தின் வேகமே ஆயுதமாகும்போது, பட்டியலுக்கு அர்த்தம் இருக்கிறது.

அடுத்தது நேரம். பொதுச் சட்டப்படி ஆள் மாற்றத்தில் வீணாகும் நேரத்தை நடுவர் கடைசியில் கூட்டிக் கொடுக்க வேண்டும். ஆகவே முன்னணியில் இருக்கும் அணி வேண்டுமென்றே ஒவ்வொருவராக மாற்றினாலும் நேரம் திரும்பக் கிடைத்துவிடும் என்பது கணக்கு. ஆனால் ஒரே மைதானத்தில் நாள் முழுக்க ஆட்டங்கள் அடுத்தடுத்து நடக்கும் தொடர்களில் கடிகாரம் நிற்காமல் ஓடும். நேரம் கூட்டிக் கொடுப்பதில்லை என்று எழுதியே வைத்திருப்பார்கள். அங்கே வரம்பில்லாத ஆள் மாற்றம் நேரத்தைத் தின்னும் வழியாகிவிடும். அமெரிக்கப் பள்ளி விதி இதற்கு நேரடியான மருந்து வைத்திருக்கிறது: இரண்டாம் பாதியின் கடைசி ஐந்து நிமிடத்தில் முன்னணியில் உள்ள அணி ஆளை மாற்றினால் கடிகாரம் நிறுத்தப்படும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஃபுட்சால் எனப்படும் உள்ளரங்கச் சிறு கால்பந்து ஆடிப் பழகிய பிள்ளைகள் பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறி மாறி உள்ளே வருவார்கள். அங்கே அது சட்டம். அதற்கென்று பக்கக்கோட்டில் தனிப் பகுதியே உண்டு. புல்வெளிக் கால்பந்தில் அப்படி வந்தால் மஞ்சள் அட்டை, அதாவது எச்சரிக்கை.

நடுக்கோட்டில் நடப்பது

1. ஆளை மாற்றப்போவதாக நடுவருக்குத் தகவல் போக வேண்டும். துணை நடுவர் இருந்தால் அவர் வழியாக. சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் பெரும்பாலும் ஒரே நடுவர்தான் என்பதால், கோச் உரக்கச் சொல்லிவிட்டு, இறங்கப்போகிறவரை நடுக்கோட்டருகே தயாராக நிறுத்துவது நல்லது. ஆட்டம் நின்ற பிறகு பெஞ்சிலிருந்து எழுந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தால், தயாராக இல்லை என்று நடுவர் மறுக்கலாம்.
2. வெளியேறுபவர் முதலில் போக வேண்டும். 2019 முதல், அவர் தனக்கு மிக அருகில் உள்ள எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியேற வேண்டும் என்பது சட்டம். காயமோ பாதுகாப்புக் காரணமோ இருந்தால் நடுவர் வேறு வழி காட்டலாம். மைதானத்தின் அந்த மூலையிலிருந்து பெஞ்சுக்கு ஆடி அசைந்து நடந்து வந்து நேரம் கடத்தியதற்கு வைத்த முற்றுப்புள்ளி இது.
3. புதியவர் நடுக்கோட்டருகே, நடுவர் சைகை காட்டிய பிறகு உள்ளே வர வேண்டும். அவர் மைதானத்துக்குள் கால் வைக்கும் கணத்தில்தான் மாற்றம் நிறைவேறுகிறது. அதுவரை வெளியேறியவரே கணக்கில் ஆட்டக்காரர்.

மூன்றாவதிலிருந்து ஒரு நுணுக்கம் பிறக்கிறது. இறங்குகிறவரே அந்த த்ரோ-இன்னை எடுக்கலாமா? எடுக்கலாம், கார்னர்கூட எடுக்கலாம். ஆனால் முதலில் மைதானத்துக்குள் வந்துவிட்டுப் பிறகு எடுக்க வேண்டும். வெளியே நிற்கும் பிள்ளை அப்படியே பந்தை வாங்கி எறிந்தால் மாற்றமே முடியவில்லை என்று பொருள். சிறுவர் ஆட்டத்தில் இது அடிக்கடி நடக்கும் என்பதால், விவரமான நடுவர்கள் ‘உள்ளே ஒரு கால் வைத்துவிட்டு வா’ என்று முன்பே சொல்லிவிடுவார்கள்.

காயம், தலையில் அடி, அட்டை

காயம் பட்டவருக்கு மைதானத்திலேயே சிகிச்சை கொடுத்தால், சில விதிவிலக்குகள் தவிர, அவர் வெளியே போய்விட்டு ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகே திரும்ப வரலாம். கோல்கீப்பர் அந்த விதிவிலக்குகளில் ஒருவர். அணியில் ஆள் குறையாமலிருக்க அந்த நிறுத்தத்திலேயே வேறொருவரை இறக்கிவிடுவதுதான் சிறுவர் லீக்குகளில் வழக்கம்.

தலையில் அடி என்றால் கதையே வேறு. மூளை அதிர்வு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே அந்தப் பிள்ளை அன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது. ‘திரும்ப வரலாம்’ என்ற லீக் விதியைக் காட்டி அனுப்புவது இங்கே செல்லாது. அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 2015-ல் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டுவதைத் தடை செய்தபோதே, தலையில் அடிபட்டவரைப் பரிசோதிப்பதால் அணிக்கு இழப்பு வராதபடி ஆள் மாற்ற விதியையும் தளர்த்துவதாக அறிவித்தது. ஐஃபாப் 2021-ல் மூளை அதிர்வுக்கெனக் கூடுதலாக ஒரு நிரந்தர மாற்றத்தைச் சோதனை செய்து, 2024-ல் போட்டிகள் விரும்பினால் எடுத்துக்கொள்ளும்படி சட்டத்தில் சேர்த்தது.

மஞ்சள் அட்டை வாங்கியவரைப் பொதுச் சட்டப்படி மாற்ற வேண்டிய கட்டாயமில்லை. அமெரிக்கப் பள்ளி ஆட்டங்களில் மட்டும் அவர் கட்டாயம் வெளியேற வேண்டும். பதிலுக்கு ஆளை இறக்கலாம். சிவப்பு அட்டை வாங்கி வெளியேற்றப்பட்டால் பதில் ஆள் கிடையாது. ஒரு விதிவிலக்கு: ஆட்டம் தொடங்குமுன்பே ஒருவர் வெளியேற்றப்பட்டால், பெயர் கொடுத்த மாற்று ஆட்டக்காரர் அவர் இடத்தில் ஆடலாம். சில சிறுவர் லீக்குகளில் சில நிமிடங்கள் வெளியே உட்காரவைக்கும் தற்காலிகத் தண்டனை உண்டு. அந்த நேரம் முடியும்வரை அவருக்குப் பதிலாக யாரையும் இறக்க முடியாது.

கோல்கீப்பர்

ஏற்கெனவே உள்ளே ஆடிக்கொண்டிருப்பவர் கோல்கீப்பரோடு இடம் மாறுவது ஆள் மாற்றத்தில் சேராது. ஆனால் அதற்கும் ஆட்டம் நின்றிருக்க வேண்டும், நடுவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஜெர்சியையும் கையுறையையும் மாற்றிக்கொண்டால் நடுவர் உடனே ஆட்டத்தை நிறுத்தமாட்டார். அடுத்து பந்து வெளியே போனதும் இருவருக்கும் மஞ்சள் அட்டை. இடைவேளையில் மாற்றிக்கொண்டிருந்தால் அட்டை இல்லை. சிறுவர் அணிகளில் பாதிக்கு ஒருவர் கோல்கீப்பராக நிற்பது சகஜம் என்பதால் இந்த விலக்கு பலரைக் காப்பாற்றுகிறது.

ஒருவர் கூடுதலாக இருந்தால்

நான்கு பேர் உள்ளே வந்து மூன்று பேர் மட்டும் வெளியே போவது சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் நடக்கக்கூடியதுதான். அந்த நேரத்தில் கோல் விழுந்தால் என்ன ஆகும்?

1. கூடுதல் ஆள் கோல் போட்ட அணியில் இருந்து, ஆட்டம் மறுபடி தொடங்குமுன் நடுவர் கவனித்துவிட்டால் கோல் செல்லாது. அந்தக் கூடுதல் ஆள் நின்ற இடத்திலிருந்து எதிரணிக்கு நேரடி ஃப்ரீ கிக் (நேராகக் கோலுக்கு உதைக்கக்கூடியது).
2. கூடுதல் ஆள் கோல் வாங்கிய அணியில் இருந்தால் கோல் செல்லும்.
3. நடுப்புள்ளியிலிருந்து ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால், பிறகு கண்டுபிடித்தாலும் கோலை ரத்து செய்ய முடியாது.

கோல் இல்லாத நேரத்தில், கூடுதல் ஆள் ஆட்டத்தில் குறுக்கிடாதவரை நடுவர் அடுத்த நிறுத்தம் வரை பொறுத்திருப்பார். பிறகு வெளியே அனுப்புவார். குறுக்கிட்டால் ஆட்டம் நிறுத்தப்பட்டு எதிரணிக்கு நேரடி ஃப்ரீ கிக். தன் பெனால்டி பகுதிக்குள் என்றால் பெனால்டி. ஒரே நேரத்தில் பலரை மாற்றும்போது நடுவர் விரல் விட்டு எண்ணிய பிறகே விசில் ஊதுவது இதற்காகத்தான்.

ஷூட்-அவுட்டுக்கு முன்

தோற்றால் வெளியேறும் நாக் அவுட் ஆட்டங்களில் கடைசியாக ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. சமநிலையில் முடிந்தால் பெனால்டி உதைகளால் வெற்றியை முடிவு செய்வதே ஷூட்-அவுட். ஆட்டம் முடியும் விசில் ஒலிக்கும்போது மைதானத்தில் ஆட்டக்காரர்களாக இருந்தவர்கள் மட்டுமே ஷூட்-அவுட்டில் உதைக்கலாம். தற்காலிகமாகக் காயச் சிகிச்சைக்கு வெளியே சென்றவரும் அதில் சேர்த்தி. ஆட்டம் முழுக்கத் திரும்பத் திரும்ப இறங்க அனுமதித்த லீக்காக இருந்தாலும், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நல்ல உதைப்பாளரை அதற்குப் பிறகு கொண்டுவர முடியாது. தொடர முடியாமல் போன கோல்கீப்பருக்கு மட்டும் மாற்று உண்டு. ஆகவே கடைசி ஓரிரண்டு நிமிடத்தில் ஆட்டம் சமநிலையில் இருந்தால், கோச்சுகள் அடுத்த த்ரோ-இன்னையோ கோல் கிக்கையோ எதிர்பார்த்து ஆட்களை நடுக்கோட்டில் நிறுத்திவைப்பார்கள். அனுமதிக்கப்பட்ட நிறுத்தம் எதுவும் வராமலே விசில் ஒலித்துவிட்டால், உள்ளே இருப்பவர்களை வைத்துத்தான் உதைக்க வேண்டும்.